எட்டு உப்பு மூட்டைகள்

எனக்கு எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் கை சும்மா இருக்காது. கடையில் வாங்கிய டார்ச் லைட்டை வீட்டுக்கு வருவதற்குள் ஸ்க்ரூ கழற்றிவிடுவேன் என்று என் மனைவி சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது கொஞ்சம் மிகை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கழற்றுவேன். ஆனால் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஆள் கோட்டக்குப்பத்திலேயே நான் ஒருவன்தான் என்று அவள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

துபாயில் ஒன்பது வருடம் விழா ஏற்பாடு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். மேடை கட்டுவது, கூடாரம் போடுவது, பிள்ளைகள் குதித்து விளையாடும் ஜம்பிங் பலூனுக்குக் காற்றடித்து நிறுத்துவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். ஊருக்குத் திரும்பியதும் அதையே தொழிலாக்கிக்கொண்டேன். கையில் இருந்த சேமிப்போடு மனைவியின் வளையல்களும் போய், கோட்டை மாதிரி எழுந்து நிற்கும் ஒரு பெரிய பலூன், அதற்குக் காற்றடிக்கும் புளோயர், ஜெனரேட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பாப்கார்ன் மெஷின் என்று வந்து சேர்ந்தன. மச்சானிடம் லோடு ஆட்டோ இருந்தது. பிறந்த நாள், காதுகுத்து, கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் நானும் அவனும் போய்விடுவோம்.

இன்சூரன்ஸ் என்ற பேச்சு ஆரோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் முதலில் வந்தது. ஆண்டு விழாவுக்குப் பலூன் கேட்டவர்கள், வாடகை பேசி முடித்ததும், "பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? பேப்பர் இருக்கா?" என்றார்கள். துபாயில் அந்தப் பேப்பர் இல்லாமல் கேட்டைக்கூடத் திறக்கமாட்டார்கள். அங்கே அதைப் பல தடவை கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கே இது வெட்கமாக இருந்தது.

எங்கள் தெருவுக்கு வரும் ஏஜெண்ட்டைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், பைக்குக்கே போலீஸ் புடிச்சாத்தான் ஜனங்க இன்சூரன்ஸ் போடுது. பலூனுக்குப் போய் கேக்கறீங்களே" என்றார். ஆனாலும் பாண்டிச்சேரியில் ஒரு ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இது வண்டியா?"

"வண்டியில வரும் சார். வண்டி இல்ல."

"அப்ப கட்டடமா?"

"நிக்கும்போது கட்டடம் மாதிரிதான் இருக்கும். சாயங்காலம் மடிச்சு மூட்டை கட்டிடுவோம்."

"உள்ள ஆளுங்க இருப்பாங்களா?"

"குதிப்பாங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொன்னார். அதன் பிறகு நான்கு முறை நடந்தேன். எனக்கு அலுப்பே வரவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்று ஒரு ஆபீஸ் தவிப்பதும், என் பலூன் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்பதும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கடைசியில் பாலிசி வந்தது.

அதை நான் ஒரு வாரம் படித்தேன். தெரியாத வார்த்தைக்குப் போனில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன். இரண்டு பாகம் இருந்தது. முதல் பாகம் என் சாமான்களுக்கு. பலூன் கிழிந்தாலோ, ஸ்பீக்கர் எரிந்தாலோ, ஜெனரேட்டர் காணாமல் போனாலோ எனக்குப் பணம். இரண்டாவது பாகம் மற்றவர்களுக்கு. என் சாமான்களால் யாருக்காவது அடிபட்டால் அவர்களுக்குப் பணம். அதன் பின்னால் நிபந்தனைகள் வரிசையாக இருந்தன. பலூனைச் சுற்றி எட்டு வளையங்கள் உண்டு, ஒவ்வொரு வளையத்திலும் ஐம்பது கிலோவுக்குக் குறையாத எடை கட்டியிருந்தால்தான் முதல் பாகத்தில் பணம் என்றது ஒன்று. விபத்து நடந்தால் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் 'தப்பு என்னுடையது' என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றது இன்னொன்று. தெரியாமல் கால் பட்டுவிட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரில் இப்படி ஒரு நிபந்தனையா என்று மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிச் சிரித்தேன். "வளையல் போட்டு வாங்குன பலூனுக்குப் பேப்பரு, நல்லா சிரிங்க" என்றாள்.

அந்த ஐம்பது கிலோ விஷயத்தில் எனக்குக் கவலையே இல்லை. மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் தரை முழுக்க மணல். இரும்பு முளை அடித்தால் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கி, அதே சுலபத்தில் வெளியே வந்துவிடும். அதனால் அங்கே எடைதான் கட்ட வேண்டும். சுற்றிலும் உப்பளமாக இருக்கும் அந்த ஊரில் எடைக்குப் பஞ்சமா? பந்தல் போடுகிறவர், மைக் செட் கட்டுகிறவர், எல்லோருமே காலுக்கு உப்பு மூட்டைதான் வைப்பார்கள். தைத்த மூட்டை, ஐம்பது கிலோ, நிறுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உப்பளத்து மேஸ்திரியிடம் சொன்னால் காலையில் எடுத்துக்கொண்டு விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாடகைகூட வாங்கமாட்டார். கூடிப்போனால் ஒரு டீ. துபாயில் மணல் மூட்டைகளை முதுகு ஒடியச் சுமந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் மரக்காணத்தை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பலூன் வேண்டும் என்றார்கள். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல் வெளியில் பலூனை நிறுத்தி, எட்டு வளையத்திலும் எட்டு மூட்டைகளைக் கட்டினேன். சனிக்கிழமை பிள்ளைகள் குதித்த குதிக்கு அளவே இல்லை. சாயங்காலம் வானம் கறுத்தது. காற்றை இறக்கிப் பலூனைப் படுக்க வைத்து, மேலே பெரிய தார்ப்பாயை விரித்தேன். தண்ணீர் தேங்கினால் பலூன் துணி நாறிவிடும். அதனால் கோயில் பக்கம் நான்கு கம்புகளை நட்டுத் தார்ப்பாயை உயர்த்தி, கடல் பக்கம் தாழ்த்திக் கட்டினேன். அந்தச் சரிவை நின்று பார்த்து எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். கட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. பேய் மழை.

ஞாயிறு காலையில் வெயில் பளிச்சென்று வந்தது. தார்ப்பாயை உருவினால் பலூன் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. கடல் பக்கத்து மூன்று மூட்டைகளும் அமுங்கித் தொய்ந்திருந்தன. மணலில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உப்பளக் கரையில் வெள்ளை படிந்திருப்பதை யார் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்வார்கள்? மூட்டையை ஒரு தடவை காலால் உதைத்தும் பார்த்தேன். ஈரமாக இருந்தது. துபாயில் மணல் மூட்டை நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும். நனைந்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு புளோயரைப் போட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பியது. ஆடி மாதத்தில் அது வழக்கம்தான். கூழ் ஊற்றி முடித்து ஜனங்கள் நிழலுக்கு ஒதுங்கிய நேரம். உள்ளே ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். பலூனின் கடல் பக்கத்து ஓரம் மெல்ல எழும்பியது. அது இறங்கிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி அந்தப் பக்கம் முழுவதும் தூக்கிக்கொண்டது. கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் சேர்த்து இழுத்தது. பிள்ளைகள் எல்லோரும் கோயில் பக்கமாகச் சரிந்து மணலில் உருண்டார்கள். ஆறு பேருக்குச் சிராய்ப்புதான். எட்டு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் நான் தார்ப்பாய்க்காக நட்டு, பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்த கம்புகள் மேல் விழுந்தாள். பலூன் இழுபட்டுப் போய் முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணின் கை தப்பான பக்கம் மடங்கியிருந்ததை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்கை எலும்பு மூன்றாக உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். அவசரத்துக்கு ஒரு ஆபரேஷன் செய்தார்கள். கை பழையபடி நீள வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் வேண்டும், அதைச் செய்கிற டாக்டர் தனியார் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், தள்ளிப்போட்டால் கை மடங்கியபடியே நின்றுவிடும் என்றார்கள். அவள் அப்பா கட்டுமரத்திலிருந்து பைபர் படகுக்கு மாறி, அந்தப் படகின் கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரி சொன்ன தொகையைக் கேட்டதும் என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நின்றார். அவள் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் என்ன கேட்டாலும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

குப்பத்துப் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இன்னா பாய், எப்டி ஆச்சு?"

"காத்துங்க" என்றேன். "எட்டு மூட்ட கட்டியிருந்தேன். அதையும் மீறி தூக்கிடுச்சு."

பொய் சொல்வதாக அப்போது நினைக்கவில்லை. எனக்கு வேறு காரணம் தெரியவும் இல்லை. அவர்கள் கடலில் போகிறவர்கள். காற்றைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "காத்துக்கு நீ இன்னா பண்ணுவ, போ" என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள். அடிக்க வருவார்கள் என்று பயந்துகொண்டு போனவன் அழுதுகொண்டு திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை சர்வேயர் வந்தார். நஷ்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போக கம்பெனி அனுப்பும் ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். தொப்பி, டேப், கேமரா எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டு வாசலில் விரித்துப் போட்டிருந்த பலூனைச் சுற்றி வந்து ஒவ்வொரு கிழிசலையும் அளந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று, ஏனென்றால் அவரும் எதையும் பிரித்துப் பார்க்கிற ஆள். வளையத்தின் தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, "இது அறுந்து போகல. அப்ப மூட்டையோடதான் எழும்பிச்சா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

டீ குடிக்கும்போது எனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டேன். "மேடம், அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ கெடைக்கும்?"

"நீங்க எல்லாம் சரியா கட்டியிருந்து, காத்துதான் காரணம்னா, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க."

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது பாகம் உங்க பொறுப்புக்குத்தான். உங்க தப்பால ஒருத்தருக்கு அடிபட்டா, நீங்க குடுக்க வேண்டியத கம்பெனி குடுக்கும். உங்க மேல தப்பே இல்லன்னா நீங்க எதுக்குக் குடுக்கணும்? நீங்க குடுக்க வேணாம்னா கம்பெனி எதுக்குக் குடுக்கணும்?"

"அப்ப பலூனுக்கு?"

"காத்துன்னா பலூனுக்கு உண்டு. மொத பாகம். நீங்க எடைய சரியா கட்டாம விட்டிருந்தீங்கன்னா பலூனுக்கு இல்ல, பொண்ணுக்கு உண்டு."

நான் பாலிசியை எடுத்து வந்து அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். அவர் சொன்னது சரி. ஒரு வாரம் படித்தும் இது என் மண்டையில் ஏறவில்லை. நல்லபடியாக நடந்தவனுக்குச் சாமான் திரும்ப வரும், அடிபட்டவருக்கு எதுவும் இல்லை. தப்பு செய்தவனுக்குச் சாமான் போகும், அடிபட்டவருக்குக் கை திரும்ப வரும். யோசிக்க யோசிக்க இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றும் தோன்றியது, எரிச்சலும் வந்தது. "வியாழக்கெழம வந்து எடத்த பாக்கறேன். மூட்டைங்க அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் புதன்கிழமை மேஸ்திரி போன் செய்து, லோடு ஏற்ற வேண்டும், மூட்டைகள் வேண்டும் என்றார். மச்சான் லோடு ஆட்டோவை அங்கே விட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டான். போய் நானே தூக்கினேன். கோயில் பக்கத்து மூட்டைகளைத் தூக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. பலூனோடு இழுபட்டு வேலியோரம் கிடந்த கடல் பக்கத்து மூட்டை ஒன்றைப் பிடித்து இழுத்தால், மல்லாக்க விழப் பார்த்தேன். ஒரு கையால் தூக்க வந்தது.

அங்கேயே நின்றேன். தார்ப்பாய் கட்டிய இடத்தைப் பார்த்தேன், கம்பு நட்ட குழிகளைப் பார்த்தேன், சரிவு எந்தப் பக்கம் வந்தது என்று கையை நீட்டிப் பார்த்தேன். பேய் மழை முழுவதும், பலூன் அளவுக்கு விரிந்த ஒரு தார்ப்பாயின் தண்ணீர் முழுவதும், இந்த மூன்று மூட்டைகள் மேல்தான் கொட்டியிருக்கிறது. உப்பு கரைந்து மணலுக்குள் போய்விட்டது. மேலே வெள்ளையாக மிச்சம் இருந்ததைத்தான் நான் பார்த்துவிட்டுப் போனேன்.

உப்பளத்தில் இருந்த எடை மெஷினில் வைத்தேன். பதினெட்டு கிலோ. அடுத்தது இருபத்திரண்டு. நடு மூட்டை முப்பது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இன்னா பாய், முழு மூட்ட வாங்கிட்டு பாதி மூட்ட குடுக்கற?" என்று சிரித்தார். மழையில் நனைந்துவிட்டது என்றேன். "சரி, மழைக்கு இன்னா பண்றது" என்றவர், "நாளைக்கு யாரோ வந்து பாக்கறாங்கன்னு சொன்னியே. இத எறக்கிட்டு வேற மூட்ட மூணு எடுத்துட்டு போயி அங்க போட்டுக்க. வெறும் மணல காட்டினா நல்லா இருக்காது" என்றார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. உப்பு கரைந்துதான் பலூன் கவிழ்ந்தது என்று அவருக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைப் பெருக்கி வைப்பது மாதிரி ஒரு மரியாதைக்குச் சொன்னார்.

நான் மூன்று முழு மூட்டைகளை ஏற்றினேன். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏற்றினேன். நனைந்த மூன்றையும் இறக்கவில்லை, அவையும் வண்டியில்தான் கிடந்தன. மணல் வெளிக்குப் போகும் வழியில் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டால், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மழைக்கு உப்பு இவ்வளவு கரையுமா என்று கண்ணால் பார்க்காமல் எப்படி இருப்பது?

வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னப் பையில் உப்பைக் கொட்டித் தராசில் நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினேன். பை என் கண் முன்னாலேயே இளைத்துக்கொண்டு போயிற்று. மனைவி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"உப்பு தண்ணியில கரையும்னு கண்டுபுடிக்க துபாய் போயி ஒம்போது வருஷம் இருக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சர்வேயர் சொன்ன கணக்கையும் சொன்னேன். அவள் என் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "பலூன் போனா திரும்ப வாங்க முடியுமா நம்மால?" என்று கேட்டாள்.

"முடியாது."

"ஊர்ல சொன்னா வேற யாராவது கூப்புடுவாங்களா?"

"தெரியல."

"எனக்கு பயமா இருக்குதுங்க" என்றாள். சொல்லு என்றோ சொல்லாதே என்றோ சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் வளையல் போட்டு வாங்கியது. அவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நான் நல்லவன் என்பதால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது, அது ஒரு வியாதி. தவிர, கண்ணை மூடினால் அந்த மடங்கிய கை வந்தது. அரை மணி நேரம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துவிட்டு, சர்வேயருக்குப் போன் செய்தேன்.

வியாழக்கிழமை அவர் மூன்று மூட்டைகளையும் தானே நிறுத்துப் படம் எடுத்தார். தார்ப்பாயை முன்பு மாதிரியே கட்டச் சொல்லி, சரிவை அளந்தார். நான் ஊற்றிக் காட்டிய தண்ணீர் சோதனையைக்கூட எழுதிக்கொண்டார். "இத்தன வருஷத்துல உப்பால கவுந்த கேஸ நான் பாத்ததில்ல" என்றார். அவர் குரலில் இருந்த ஆர்வம் அந்த நிலையிலும் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. கிளம்பும்போது, "பலூனுக்கு வராது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன்.

"நான் போய் அவங்க கிட்ட சொல்லிடவா மேடம்?"

"இப்ப வேணாம். நீங்களா ஒப்புக்கிட்டா கம்பெனி பின்வாங்கலாம். லெட்டர் வரட்டும். அதுக்கப்புறம் என்ன வேணா பேசுங்க."

நான் சிரித்துப் படித்துக் காட்டிய அந்த நிபந்தனை இப்போது என் வாயைக் கட்டிப் போட்டது. பேசினால் அந்தப் பெண்ணின் கை போய்விடும். பேசாமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம் கம்பெனி பணத்தை நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டியது. இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. கை நீளும், ஆனால் பல மாதம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நடந்தது தெரியாத குப்பத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? "பாய் மேல ஒரு தப்பும் இல்ல. ஆனாலும் எப்டியோ அலஞ்சி இன்சூரன்ஸ் வாங்கிக் குடுத்துட்டாரு" என்று பேசினார்கள். அடுத்த குப்பத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "உன்ன மாதிரி ஆளுதான் வேணும், பலூன் எப்போ ரெடியாவும்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆறாவது வாரம் லெட்டர் வந்தது. முதல் பாகம் மறுக்கப்படுகிறது, இரண்டாம் பாகம் ஏற்கப்படுகிறது என்று இரண்டே வரி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து அப்படியே பஸ் ஏறி அந்தக் குப்பத்துக்குப் போனேன்.

அந்தப் பெண்ணின் அப்பா வீட்டு வாசலில் இருந்தார். பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவள் அம்மா எங்கே என்று கேட்டேன்.

"கோயில்ல. மண்சோறு சாப்பிடப் போயிருக்கறா" என்றார். அம்மன் சன்னதியில் தட்டோ இலையோ இல்லாமல் வெறும் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடும் வேண்டுதல் அது. "போன வருஷம் இவளுக்கு காய்ச்சல் வந்தப்போ கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டா. ஊத்தாம வுட்டுட்டா. அதான் ஆத்தாவே காத்தா வந்து புள்ள கைய ஒடச்சிட்டான்னு இருக்கறா. எல்லா வெள்ளிக்கெழமையும் இதான். சொன்னா கேக்கமாட்டறா."

வாசலிலேயே நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, தார்ப்பாய், பதினெட்டு கிலோ, காலால் உதைத்துப் பார்த்தது, எதையும் விடவில்லை. அவர் முகம் கறுத்தது. "ஊரு முழுக்க காத்து காத்துன்னே சொன்னியே பாய்" என்றார். கையை ஓங்குவார் என்று நினைத்தேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா. அவ கிட்ட நீயே சொல்லு" என்று முன்னால் நடந்தார்.

கோயில் வாசலுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே அவள் தரையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் கூப்பிட்டதும் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தாள். இரண்டாவது முறையாகச் சொன்னேன்.

"மூட்ட கரஞ்சிதா?" என்றாள்.

"ஆமாம்மா. நான் கட்டின தார்ப்பாய்லேர்ந்து தண்ணி வழிஞ்சி கரஞ்சிடுச்சு. காலையில பாத்தேன். பாத்துட்டு வுட்டுட்டேன்."

"அப்போ ஆத்தா இல்லியா?"

"இல்லம்மா. நான்தான்."

அவள் கையில் இருந்த சோற்றைக் கீழே போட்டாள். கோயில் வாசல் குழாயில் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டட்டும் என்றும் இருந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்" என்றாள். "ஆறு வாரமா எம் பொண்ணு மூஞ்ச நான் நிமுந்து பாக்கவே இல்ல."